நீலகிரி தைலம் தடவியும் பேன் போகலை. தப்பு எண்ணெயிலயா, கணக்குலயா?

ரெட்டைஜடை
ஜூன் 21, இரவு 9.15

பொண்ணுக்கு எட்டு வயசு, இடுப்பு வரைக்கும் முடி. ஸ்கூல் திறந்ததும் பேன். 100 மில்லி தேங்காய் எண்ணெயில நீலகிரி தைலம் பத்துச் சொட்டு விட்டு ராத்திரி தடவி, காலையில சீயக்காய் போட்டு அலசியாச்சு. சீப்புல நிறைய செத்து வந்துச்சு. சரியா பத்தாம் நாள் திரும்ப சொறியுறா. டீ ட்ரீ ஆயில்னு ஒரு வாசனை எண்ணெய் போட்டா ஈறும் சேர்ந்து சாகும்னு யூட்யூப்ல சொல்றாங்க. நிஜமா? எத்தனை சொட்டு?

மருந்துக்கடை
ஜூன் 21, இரவு 10.02

ஈறு பல்லுக்கு அடியில இருக்கறது. பேன் முட்டை ஈர். கடையிலயும் தினம் நாலு பேர் "ஈறுக்கு மருந்து"ன்னு கேட்டு, பல்லைக் காட்டச் சொன்னா முறைக்கிறாங்க.

"பத்தாம் நாள்"னு சொன்னதுலயே விடை இருக்கு. ஈர் பொரிய 7லிருந்து 10 நாள் ஆகும். தைலம் நடமாடுற பேன்ல ஒரு பங்கைக் கொன்னிருக்கும், ஈரைத் தொட்டிருக்காது. இப்ப ஊர்றது அதுல இருந்து வந்த குஞ்சு. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கற பழமொழி தெரியும்ல, அந்த முதல் பாதி உங்க வீட்ல நடந்திருக்கு.

ஈரோட ஓடு கெட்டி. காத்து போறதுக்கு மூடியில மட்டும் ஊசிமுனைத் துளைகள் சில இருக்கும். வாசனை எண்ணெய் பெரும்பாலும் பேனோட நரம்பைத் தாக்கித்தான் கொல்லுது. பேன் முட்டை இட்ட முதல் மூணு நாலு நாள் ஈருக்குள்ள நரம்பு மண்டலமே உருவாகி இருக்காது. இல்லாததை எந்த எண்ணெயும் தாக்காது.

7ம் நாள் ரெண்டாவது தடவை போடுங்க, தீர்ந்துடும்.

சீப்புக்காரி
ஜூன் 21, இரவு 10.40

"செத்து வந்துச்சு"ன்னா எவ்வளவு நேரம் கழிச்சுப் பார்த்தீங்க? எண்ணெயிலயோ தண்ணியிலயோ முங்கின பேன் பக்கவாட்டு மூச்சுத் துளைகளை மூடிக்கிட்டு அசையாமக் கிடக்கும். மணிக்கணக்கா தண்ணியில கிடந்துட்டு உயிரோட எழுந்து வரும். சந்தேகம்னா சீப்புல வந்ததை வெள்ளைத் தட்டுல ஒரு டிஷ்யூ மேல போட்டு, மூணு மணி நேரம் கழிச்சு லென்ஸ் வச்சுப் பாருங்க. காலு மட்டும் லேசா மடங்கி நீளும். வயித்துக்குள்ள கறுப்பா ஒரு கோடு துடிக்கும், அது குடிச்ச ரத்தம். அதைச் செத்த கணக்குல சேர்த்தா எந்த எண்ணெயும் அற்புதமா வேலை செஞ்ச மாதிரிதான் தெரியும்.

தைலமரம்
ஜூன் 22, காலை 6.50

பத்துச் சொட்டுங்கறது அளவே இல்லை. பாட்டில் மூக்கைப் பொறுத்து 1 மில்லிக்கு 20 சொட்டும் வரும், 40 சொட்டும் வரும். பத்துச் சொட்டுன்னா 0.25லிருந்து 0.5 மில்லி. அதை 100 மில்லியில கலந்தா கால் சதவீதத்துல இருந்து அரை சதவீதம். அந்த அளவுல வாசனை வரும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்ச் மெடிக்கல்ல கேட்டு வாங்குங்க, மில்லியில அளங்க.

இன்னொண்ணு, பாட்டில் லேபிளைப் படிங்க. ஊட்டி கடைகள்ல ஒரே அலமாரியில நாலு தைலம் நிக்கும். யூகலிப்டஸ் (நீலகிரி தைலம் இதுதான்), லெமன் கிராஸ், சிட்ரோனெல்லா, வின்டர்கிரீன். பாட்டில், மூடி, நிறம் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணு. வின்டர்கிரீன் மூட்டுவலிக்குத் தேய்க்கறது. முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். ஒரு டீஸ்பூன் உள்ள போனா சின்னக் குழந்தைக்கு உயிர் ஆபத்து. அது பிள்ளை தலைக்குப் பக்கத்துலயே வரக்கூடாது. "வலி நிவாரணத் தைலம்"னு போட்டிருந்தா அதுல வின்டர்கிரீன், கற்பூரம், மென்தால் எல்லாம் கலந்திருக்கும், அதுவும் கூடாது.

ரெட்டைஜடை
ஜூன் 22, காலை 8.05

லேபிள்ல யூகலிப்டஸ் மட்டும்தான் போட்டிருக்கு. அப்போ அளவைக் கூட்டினா சரியாகுமா? டீ ட்ரீ 10% போட்ட மருந்து ஆஸ்திரேலியாவுல விக்குதாமே?

மருந்துக்கடை
ஜூன் 22, மதியம் 2.30

முதல்ல என் திருத்தம். நேத்து "7ம் நாள் போட்டா தீரும்"னு எழுதினேன், அது ஈரையும் ஓரளவு கொல்ற மருந்துக்கான கணக்கு. ஈரைத் தொடாத மருந்துன்னா 7ம் நாளுக்கு அப்புறம் பொரியற ஈர் தப்பிச்சிடும். 0, 7, 14ன்னு மூணு தடவை வேணும். அடிப்படை இதுதான்: புதுசாப் பொரிஞ்ச குஞ்சு மூணு தடவை தோலுரிச்சு முட்டையிடற வயசுக்கு வர ஒன்பது பத்து நாளாவது ஆகும். அதுக்குள்ள எடுத்துட்டா சங்கிலி அறுந்துடும். ஒரு நாள் விட்டுட்டாக்கூட பரவாயில்லை, ஒரு வாரம் விட்டா முதல்ல இருந்து.

ஆஸ்திரேலிய விஷயத்துக்கு வரேன். குயின்ஸ்லாந்துப் பள்ளிப் பிள்ளைங்ககிட்ட செஞ்சு 2010ல வெளியான சோதனை அது. 10% டீ ட்ரீ, 1% லாவெண்டர் கலந்த ஒரு தயாரிப்பு, பேனோட மூச்சை அடைக்கற வகைத் தயாரிப்பு ஒண்ணு, பைரெத்ரின் மருந்து ஒண்ணுன்னு மூணையும் ஒப்பிட்டாங்க. கடைசித் தடவைக்கு மறுநாள் பேன் இல்லாதவங்க முதல் ரெண்டுலயும் 97.6%, பைரெத்ரின்ல 25%. யூட்யூப்ல இந்த ரெண்டு எண்ணை மட்டும் காட்டி டீ ட்ரீ ஜெயிச்சுதுன்னு முடிச்சுடறாங்க. நடுவுல நிக்கறதை விட்டுடறாங்க: மூச்சடைக்கற தயாரிப்புக்கும் அதே 97.6%. அதோட, முதல் ரெண்டும் 0, 7, 14ன்னு மூணு தடவை போட்டது, பைரெத்ரின் லேபிள்படி ரெண்டே தடவை. ஜெயிச்சதுல நாள்கணக்குக்கும் பங்கு இருக்கு.

அதே ஆட்கள் அடுத்த வருஷம் ஈரைத் தனியா எடுத்துப் பார்த்தாங்க. ஒரு தடவை போட்டப்போ டீ ட்ரீ–லாவெண்டர் 44.4% ஈரைக் கொன்னுச்சு. மூச்சடைக்கறது 68.3%. யூகலிப்டஸோட எலுமிச்சை டீ ட்ரீ கலந்த தயாரிப்பு 3.3%. உங்க நீலகிரி தைலத்துக்கு நெருங்கின சொந்தம் அந்தக் கடைசி எண்.

தைலமரம்
ஜூன் 22, மாலை 5.10

ஆய்வுக்கூடத்துல டீ ட்ரீ 1% கரைசலே அரை மணியில எல்லாப் பேனையும் கொன்னுடுச்சுன்னு இத்தாலியில 2012ல பார்த்திருக்காங்க. அதுலயும் ஈருக்கு 2% போட்டுப் பாதிதான் பொரியாம நின்னுச்சு. பேன் செத்த 1%ஐ வச்சுக்கிட்டுதான் "ஒரு சொட்டு போதும்" வீடியோ எல்லாம் வருது. ஆனா அங்க பேன் மருந்து பட்ட பரப்புலயே கிடக்குது, தப்பிக்க இடமில்லை. தலை அப்படியா? கொரியாவுல யூகலிப்டஸை மூடின டப்பாவுலயும் திறந்த டப்பாவுலயும் வச்சுச் சோதிச்சாங்க. மூடினதுல நல்லா செத்துது, திறந்ததுல இல்லை. ஆவிதான் ஆயுதம், ஃபேன் ஓடற ரூம்ல ஆவி நிக்காது.

தேங்காய் எண்ணெய் இன்னொரு சிக்கல். தைலத்துல இருக்கற டெர்பீன்ங்கற வாசனைப் பொருள் எல்லாம் எண்ணெய்ல பிரமாதமாக் கரையும், கரைஞ்சா அங்கயே சொகுசா உட்கார்ந்துக்கும். பேன் உடம்புக்குள்ள இறங்க அவசரப்படாது. ஆனா தேங்காய் எண்ணெய் இல்லாமப் போட்டா தோல் வெந்துடும்.

தண்ணி ஸ்ப்ரேல விடறது எல்லாத்துலயும் மோசம். தைலம் தண்ணியில கரையாது, மேல மிதக்கும். பாட்டில் முடியறப்போ சுத்தத் தைலம் நேரா நெத்தியில பீச்சும். ஷாம்புல விட்டா ரெண்டு நிமிஷத்துல சாக்கடைக்குப் போயிடும்.

மருந்துக்கடை
ஜூன் 22, இரவு 9.30

10% கேள்விக்கு: வீட்ல கலக்காதீங்க. பிள்ளைக்கு 2%க்கு மேல வேண்டாம், அதாவது 50 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 1 மில்லி. அதுவும் முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பார்த்துட்டு. சிவந்தாலோ தடிச்சாலோ அந்த எண்ணெய் அவளுக்கு இல்லை.

பழைய டீ ட்ரீ பாட்டில்தான் பெரும்பாலும் தோலைக் கெடுக்குது. காத்து பட்டு ஆக்சிஜன் ஏறினா அலர்ஜி தர்ற பொருட்கள் உள்ள கூடிக்கிட்டே போகும். திறந்து ஆறு மாசம் ஆனது, வெயில்ல கிடந்தது, பாதி காலியான பிளாஸ்டிக் பாட்டில் எதையும் தலைக்கு எடுக்காதீங்க. நல்ல எண்ணெய்னா கருப்புக் கண்ணாடிப் பாட்டில்ல மெலாலூக்கா ஆல்டர்னிஃபோலியான்னு பேர் இருக்கும்.

மூணு வயசுக்குக் கீழ எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். நீலகிரி தைலத்துல பெரும்பங்கு சினியோல். கைக்குழந்தை மூக்குக்குப் பக்கத்துல வச்சா மூச்சுக்குழல் இறுகும். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு யூகலிப்டஸும் கற்பூரமும் எந்த வயசுலயும் வேண்டாம். முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108 கூப்பிடுங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கல்யாணிகடை
ஜூன் 23, காலை 7.20

இவ்வளவு எதுக்கு? தேங்காய் எண்ணெய்ல ரெண்டு சூடத்தை நுணுக்கிப் போட்டுக் காய்ச்சித் தடவுனா ஒரே ராத்திரி. இல்லைன்னா சீத்தாப்பழ விதையை அரைச்சுப் போடுங்க. காலங்காலமா செய்யறதுதான்.

மருந்துக்கடை
ஜூன் 23, காலை 9.00

ரெண்டும் பேனைக் கொல்லும், அதுல சண்டை இல்லை.

சூடம் அடுப்புல தீப்பிடிக்கிற சாமான். அது போகட்டும். கற்பூரம் தோல் வழியாவும் ஏறும், வாயில போனா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல வலிப்பு. சின்னக் குழந்தைக்கு 1 கிராம்கூட ஆபத்து. அமெரிக்காவுல 20% கற்பூர எண்ணெயை 1980கள்லயே கடையில இருந்து எடுத்துட்டாங்க, மேல தடவறதுக்கு 11%தான் உச்சவரம்பு. நீங்க நுணுக்கற "ரெண்டு சூடம்" எத்தனை கிராம்னு தெரியுமா? ராத்திரி முழுக்க தலையில, தலையணை உறையில, விரல் சூப்புற பிள்ளை கையில.

சீத்தா விதை கண்ணுக்கு எமன். தலையில இருந்து ஒழுகிக் கண்ணுல பட்டா கருவிழி புண்ணாகும், சாதாரணக் கண் எரிச்சல் மாதிரி கழுவினதும் போகாது. பேனுக்குப் போட்டுக் கண்ணு கெட்டவங்களைப் பத்தி கண் டாக்டர்கள் எழுதியே இருக்காங்க. பட்டுட்டா 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு நேரா கண் ஆஸ்பத்திரி.

அடுத்து யாராவது மண்ணெண்ணெய்னு எழுதறதுக்கு முன்னாடியே: கூடாது. பாச்சை உருண்டையும் கூடாது.

சீப்புக்காரி
ஜூன் 23, காலை 9.25

மொட்டைன்னு யாரும் எழுதலையே. பழனி, திருப்பதி, சமயபுரம், எங்க வேணா. பிடிச்சுக்க முடி இல்லைன்னா பேன் இல்லை. இந்த இழையில 100% பலன் உறுதியாச் சொல்லக்கூடிய ஒரே வைத்தியம்.

ரெட்டைஜடை
ஜூன் 23, காலை 9.40

மொட்டைன்னு சொன்னதும் பொண்ணு ஃபோனைப் பிடுங்கிட்டா. வேற வழி சொல்லுங்க.

சீப்புக்காரி
ஜூன் 23, இரவு 8.15

எண்ணெயை ரெண்டாம் இடத்துக்குத் தள்ளுங்க. சீப்புதான் முதல். முறை இது.

பெட்டிக்கடையில கிடைக்கிற ரெண்டு பக்கப் பிளாஸ்டிக் பேன் சீப்பு பெரிய பேனைப் பிடிக்கும், குஞ்சை விட்டுடும். பல் வளைஞ்சு கொடுக்கறதுதான் காரணம். நீளமான உலோகப் பல் வச்ச சீப்பு வாங்குங்க. பல் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா இடைவெளி முழுக்க ஒரே சீரா இருக்கணும், எங்கயாவது ஒரு பல் கோணி இருந்தா அந்த இடத்துல பேன் தாராளமாப் போயிடும்.

முடியை அலசி, ஈரத்தோட கண்டிஷனர் தாராளமா போடுங்க. இடுப்பளவு முடிக்கு ஒரு சின்ன பாட்டில்ல பாதி போயிடும். கண்டிஷனர்ல பேன் கொஞ்ச நேரம் ஓட முடியாம நிக்கும். காஞ்ச முடியில சீப்பு வச்சா நீங்க அடியில வர்றதுக்குள்ள அது அந்தக் காதுக்குப் போயிருக்கும். முதல்ல சாதாரணச் சீப்பால சிக்கு எடுங்க. நாலு பாகமாப் பிரிச்சு கிளிப் போடுங்க. ரெண்டு விரல் அகலத்துக்குச் சின்ன கொத்தா எடுத்து, சீப்பு மண்டையைத் தொடற மாதிரி வச்சு நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளை டிஷ்யூல துடைச்சுப் பாருங்க. அதே கொத்தை எதிர்ப்பக்கத்துல இருந்தும் ஒரு தடவை. காது மடலுக்குப் பின்னால, பிடரி, ரெண்டு இடத்துலயும் கூடுதல் நேரம். இந்த நீள முடிக்கு 40 நிமிஷம் ஆகும். 15 நிமிஷத்துல முடிச்சிட்டேன்னு சொன்னா பாதித் தலை மிச்சம்.

1, 5, 9, 13ம் நாள் சீவணும், 17ம் நாள் சரிபார்க்கணும். இங்கிலாந்துல ஈரமுடி சீவலுக்கு நடைமுறையில இருக்கற நாள்கணக்கு. எண்ணெயே இல்லாமலும் வேலை செய்யும். நடுவுல எந்த நாளாவது பெரிய பேன் வந்தா அது முன்னாடி சீவினதுல தப்பினது, இல்லைன்னா வெளியில இருந்து புதுசா ஏறினது, அன்னைக்கு மறுபடி 1ம் நாள்.

மருந்துக்கடை
ஜூன் 23, இரவு 10.10

மேல என் 0, 7, 14 கணக்கையும் இதையும் குழப்பிக்காதீங்க. அது மருந்து போடற நாள், இது சீவற நாள். ரெண்டையும் சேர்த்துச் செய்யறவங்க சீவற 1, 9, 17ல மருந்தையும் வச்சுக்கலாம்னு எழுத வந்தேன்... வேண்டாம், எட்டு நாள் இடைவெளியை ஆளாளுக்குப் பத்தாக்குவாங்க. கிழமை வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சா மூணு ஞாயிறு மருந்து. சீவல் அதுபாட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை.

வாசனை எண்ணெய் வேண்டாம்னா டைமெதிகோன் லோஷன் கேட்டுப் பாருங்க. சிலிகான், நரம்பு விஷம் இல்லை, அதனால பேன் எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கற வழி குறைவு. 4% லோஷன்னா எட்டு மணி நேரம் வச்சு, ஒரு வாரத்துல இன்னொரு தடவை. கடையில கிடைக்கற பெர்மெத்ரின்ங்கற பேன் மருந்து, வீட்ல பயப்படற அளவுக்குப் பெரிய நஞ்சு இல்லை. அதோட நிஜக் குறை வேற: பல நாட்டுப் பேன்களுக்கு அது பழகிப் போச்சு.

தைலமரம்
ஜூன் 24, காலை 7.05

"கெமிக்கல் வேண்டாம்"னு சொல்லிட்டு நீலகிரி தைலம் போடறவங்களுக்கு: 1,8-சினியோல், ஆல்ஃபா பைனீன், லிமோனீன். மரத்துல இருந்து வர்ற கெமிக்கல், அவ்வளவுதான். பைரெத்ரினும் செவ்வந்திப் பூ இனத்துல இருந்து வந்தது.

ரெட்டைஜடை
ஜூன் 24, மதியம் 1.15

முடியில வெள்ளை வெள்ளையா நிறைய ஒட்டிக்கிட்டு இருக்கு. வினிகர் போட்டா பசை கரையுமா? அதெல்லாம் உயிரோட இருக்கா?

சீப்புக்காரி
ஜூன் 24, மாலை 6.00

வினிகர் கரைக்காது, புண் இருந்தா எரியும். ஈர்ப்பசை புரதம், ஏறக்குறைய முடி மாதிரியே. அதைக் கரைக்கிற எதுவும் முடியையும் கரைக்கும்.

உயிரான்னு தெரியறதுக்கு ஸ்கேல் எடுங்க. பேன் மண்டையை ஒட்டித்தான் முட்டையிடும், சூட்டுக்காக. முடி மாசத்துக்கு 1 சென்டிமீட்டர் வளரும். மண்டையில இருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற ஈருக்கு வயசு ஒரு மாசம், பொரிஞ்சுட்டுது இல்லைன்னா செத்துட்டுது. வெள்ளையாப் பளிச்சுனு தெரியறது வெறும் ஓடு. பயப்பட வேண்டியது மண்டையை ஒட்டி, பழுப்பா, முடி நிறத்துலயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறது. விரலால தள்ளிப் பாருங்க, பொடுகுன்னா நகரும், ஈர்னா நகராது. ரெண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவுல பிடிச்சு முடி நுனி வரைக்கும் உருவினாத்தான் வரும். பாட்டிங்க வாசல்ல உட்கார வச்சு நகத்துல "டிக்"னு குத்துவாங்களே, சத்தம் வந்தா உள்ள உயிர் இருந்துச்சுன்னு அர்த்தம். வெறும் ஓடு அப்படிச் சத்தம் போடாது.

மருந்துக்கடை
ஜூன் 24, இரவு 9.45

விட்டுப்போனது. தலையை விட்டு விழுந்த பேன் ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. வீடு முழுக்க மருந்து அடிக்க வேண்டாம். தலையணை உறை, துண்டு, ரிப்பன் மட்டும் சுடுதண்ணியில. சீப்பைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணியில பத்து நிமிஷம் போடுங்க. வீட்ல எல்லார் தலையையும் ஒரே நாள் சீவுங்க, அம்மா தலையையும்தான். பேன் குதிக்காது, பறக்காது, தலையோட தலை ஒட்டினா நடந்து போகும்.

பிடரியில நெறி கட்டியிருந்தாலோ மண்டையில சீழ் இருந்தாலோ எந்த எண்ணெயும் தொடாம முதல்ல டாக்டர்.

ரெட்டைஜடை
ஜூன் 30, இரவு 9.00

இன்னைக்கு முதல் ஞாயிறு. 2% டீ ட்ரீ, சிரிஞ்ச்ல அளந்து. டெஸ்ட்ல தோல் சிவக்கலை. 25 நிமிஷம் வச்சு அலசி, கண்டிஷனர் போட்டு 50 நிமிஷம் சீவல். பெரிசு 11, குஞ்சு எண்ண முடியலை. தட்டுல போட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா நாலு நடக்குது.

சீப்புக்காரி
ஜூன் 30, இரவு 9.20

அந்த நாலும் தட்டுலதானே நடக்குது, தலையில இல்லையே. வியாழக்கிழமை அடுத்த சீவல்.